ஜன்னலுக்கு கூலிங் ஃபிலிம் ஒட்ட வர்றவங்ககிட்ட உஷார்! 24,000 ரூபாய் போச்சு (கீழக்கரை)

கோவத்துல எழுதுறேன், நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க. ஃபிலிம் ஒட்டுறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

எங்க வீட்டுல கீழ ஹாலும் மாடி ரூம் ரெண்டும் மேக்கு பார்த்தது. மொத்தம் ஆறு ஸ்லைடிங் ஜன்னல். அஸருக்கு (பிற்பகல் தொழுகை நேரம்) மேல வெயில் நேரா கட்டில்லதான் விழும். பங்குனியிலேயே ஏசி ஓட ஆரம்பிச்சு, கரண்டு ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டிருச்சு. தாண்டுனா மேல ஓடுன யூனிட்டுக்கு மட்டுமில்ல, கீழ் ஸ்லாப்புக்கும் சேர்த்து ரேட்டு ஏறும். துபாய்ல இருந்து மச்சான்தான் சொன்னாங்க, அங்கெல்லாம் வெயில் சூட்டைத் தடுக்கக் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டுவாங்க, நீயும் விசாரின்னு.

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புற ஆப் ஒண்ணு. முந்தி ஏசி சர்வீசுக்கு அதுலதான் கூப்பிட்டோம், ஒழுங்காத்தான் செஞ்சாங்க. அந்த நம்பிக்கையில புக் பண்ணேன். கம்பெனி டீ-சர்ட் போட்ட ஒருத்தன், கூட பெட்டி தூக்கிட்டு ஒரு பையன். பெட்டிக்குள்ள சிவப்பு பல்பு, முன்னாடி ரெண்டு கண்ணாடி. வெறும் கண்ணாடிக்குப் பின்னால கை வச்சா சுடுது. ஃபிலிம் ஒட்டுன கண்ணாடிக்குப் பின்னால சூடே தெரியல. உம்மாவும் கை வச்சுப் பார்த்துட்டு "மாஷா அல்லா"ன்னாங்க. டீ-சர்ட்காரன் சொன்னான்: "இது செராமிக் ஃபிலிம் லாத்தா (அக்கா), 97 சதவீதம் ஹீட்டைத் தடுக்கும். கரண்டு பில் பாதியாயிரும். 10 வருஷம் வாரண்டி."

அப்பவும் நான் சரின்னு சொல்லல. வாப்பா தொழப் போயிருந்தாங்க. "வாப்பா வரட்டும் லாத்தா, அவங்க ஒரு வார்த்தை சொல்லாம நான் அளவு எடுக்க மாட்டேன்"னு திண்ணையிலேயே உட்கார்ந்தான். டீ கொடுத்தும் வாங்கல. வாப்பா வந்து எந்த ஊரு தம்பின்னு கேட்டதும், "தங்கச்சிமடம் வாப்பா. உங்க வீட்ல தப்பு பண்ணிட்டு நாளைக்கு பஸ் ஸ்டாண்டுல நான் நிக்க முடியுமா?"ன்னான். வாப்பாவுக்கு அது போதும். எனக்கும்தான். இப்ப அந்த வார்த்தையை நினைச்சா உடம்பெல்லாம் எரியுது.

150 சதுர அடி, அடிக்கு 160 ரூபாய், ஆக 24,000. ஆப்ல 4,000 மட்டும் கட்டச் சொன்னான். முழுசும் அதுல போட்டா ஜிஎஸ்டி ஏறுமாம், மீதி 20,000 அவன் நம்பருக்கு. கட்டுனேன்.

ஒட்ட வந்தது வேற பசங்க. டெமோ ஃபிலிம் லேசான பச்சை, வெளிய பளிச்சுன்னு தெரிஞ்சது. இவங்க கொண்டு வந்தது கன்னங்கரேல்னு இருந்துச்சு. கேட்டா, "அதேதான்க்கா, வீட்டுக்கு டார்க் ஷேடு." கடல் காத்து மண்ணை வாரிக் கொட்டிக்கிட்டு இருக்கு, கதவைக்கூட சாத்தல. சோப்புத் தண்ணி அடிச்சு, ரப்பர் கட்டையால இழுத்து, மத்தியானத்துக்குள்ள ஆறு ஜன்னலும் முடிஞ்சிருச்சு. ஃபிலிமுக்கு அடியில மணல் வேர்க்குரு மாதிரி பொடிப்பொடியா நிக்குது. "தண்ணிக்கா, காய்ஞ்சா போயிரும். 30 நாளைக்கு ஜன்னலைத் திறக்காதீங்க. வேலை முடிஞ்சிருச்சு, ஓடிபி சொல்லுங்க."

புது ஃபிலிம்ல மிச்சமிருக்கிற ஈரம் காய சில வாரம் ஆகும், அது உண்மைதான். ஆனா மணல் எப்படிங்க காயும்? அதோட இந்த ஊர்ல கொஞ்சமாச்சும் குளிர்ச்சின்னா சாயங்காலக் கடல் காத்துதான். அதையும் அடைச்சு வச்சு நாள் பூரா ஏசி போட்டதுதான் மிச்சம். கண்ணாடியில கை வைக்க முடியல, அவ்வளவு சூடு. கத்திரி வெயில்ல ஒரு நாள் அஸர் நேரம் டப்புன்னு சத்தம், மாடி ஜன்னல் ஒண்ணு ஓரத்துல இருந்து குறுக்க விரிஞ்சிருச்சு.

ராமநாதபுரத்துல இருந்து வந்த அலுமினிய வேலைக்காரர் பார்த்ததுமே சொன்னாரு. இது மட்டமான சாயம் போட்ட ஃபிலிம். வெயிலைத் திருப்பி அனுப்பாது, தானே குடிச்சுக்கும். நடுக் கண்ணாடி காயுது, சட்டத்துக்குள்ள மறைஞ்சிருக்கிற ஓரம் அந்த அளவுக்குச் சூடாகாது, அதான் ஓரத்துல இருந்து விரியுது. டேப் போட்டு அளந்தாரு: கண்ணாடி மட்டும் 128 சதுர அடி. சட்டத்துக்கும் சேர்த்துத்தான் நான் காசு கொடுத்திருக்கேன்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. டீ-சர்ட்காரனுக்குப் போன் போட்டா, "பைக்ல இருக்கேன் லாத்தா." அப்புறம், "காயட்டும் லாத்தா, 30 நாள் பொறுங்க." பொறுத்தேன். முடிஞ்சதும் கூப்பிட்டா, "30 நாள் தாண்டிருச்சே, ஃபிட்டிங் கம்ப்ளெயிண்ட் அதுக்குள்ளல்ல சொல்லணும்?" எப்படி இருக்கு பாருங்க! விரிஞ்ச கண்ணாடி போட்டோ அனுப்பினா, "கண்ணாடி உங்களோடது. ஃபிலிம் கிழியலையே?" இப்ப என் நம்பரை பிளாக் பண்ணிட்டான். அந்த 10 வருஷ வாரண்டி கார்டுல ரோல் நம்பர் எழுதுற இடம் காலி, மதுரைன்னு ஊர் இருக்கு, கதவு நம்பர் இல்ல.

ஆப்ல புகார் போட்டா "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்"னு வந்து, கேக்காமலே மூடிர்றாங்க. திரும்பத் திறந்து சண்டை போட்ட பிறகு ஒரு பொண்ணு பேசுச்சு. எங்க ரெக்கார்டுல 4,000 தான் இருக்கு மேடம், மீதி உங்களுக்கும் அவருக்கும் உள்ளது. ஓடிபி கொடுத்துட்டீங்க, அதனால வேலை திருப்தியா முடிஞ்சதாத்தான் அர்த்தம். வேணும்னா அடுத்த புக்கிங்ல 300 ரூபாய் கழிச்சுக்கலாம். 24,000 போனவளுக்கு 300 ரூபாய் கூப்பன்!

அந்த 97 சதவீதக் கதையையும் எங்க லாத்தா மகன்தான் விளக்குனான், பாலிடெக்னிக் படிக்கிறான். வெயிலோட சக்தியில ஏறக்குறைய பாதிதான் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. 97ன்னு சொல்றது அந்தப் பாதியில, அதுவும் பெரும்பாலும் குறிப்பிட்ட சில அலைநீளத்துல மட்டும் அளந்தது. சிவப்பு பல்பு கொட்டுறதே பெரும்பாலும் அகச்சிவப்புதான், அதனாலதான் டெமோ அவ்வளவு எடுப்பா தெரியுது. கேக்க வேண்டியது மொத்த சூரிய வெப்பத்துல எவ்வளவு தடுக்கும்ங்கிற நம்பர். நல்ல ஃபிலிம் நிஜமாவே உதவும், அதை மறுக்கல. ஆனா மாடி ரூமுக்கு ராத்திரி வரைக்கும் சூடு இறங்குறது மொட்டை மாடி வழியா, அதை எந்த ஜன்னல் ஃபிலிமும் தடுக்காது. பாதி பில்லுன்னு சொன்னவன் ஒரு தடவைகூட மேல ஏறிப் பார்க்கல. இப்ப வெளிப்பக்கம் பனை ஓலைத் தட்டி கட்டியிருக்கோம். வெயில் கண்ணாடிக்கே வரல.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், கை நடுங்குது. சுருக்கமா:

டெமோ காட்டுன ஃபிலிம்ல ஒரு துண்டு வெட்டி வாங்கி வைங்க, ஒட்டுற அன்னைக்கு ரோலோட ஒப்பிடுங்க. கண்ணாடியை மட்டும் அளக்கச் சொல்லுங்க. ஆப்புக்கு வெளிய ஒரு பைசா அனுப்பாதீங்க. ஓடிபியை அவசரத்துல சொல்லாதீங்க. கண்ணாடி விரிஞ்சா யார் பொறுப்புன்னு எழுதி வாங்குங்க.

1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் போட்டாச்சு. அடுத்து ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையத்துல மனு கொடுக்கப் போறேன், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. பெரியபட்டினம், ஏர்வாடி, மண்டபம் பக்கம் யாராவது இந்தச் சிவப்பு பல்பு பெட்டிக்காரன்கிட்ட பணம் கொடுத்திருந்தா பில்லு, பணம் அனுப்புன ஸ்கிரீன்ஷாட்டோட இன்பாக்ஸ்ல வாங்க.