சைக்ளோஸ்போரின் கண் சொட்டு: எரியும், பொறுத்தால் பலன் உண்டு

கண் வறட்சிக்குச் செயற்கைக் கண்ணீரை மாற்றி மாற்றி விட்டும் எரிச்சல் அடங்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பயன்படுத்துவது 0.1 விழுக்காடு சைக்ளோஸ்போரின் சொட்டு, சிங்கப்பூரில் மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் கிடைக்கும். இரவு படுக்கும் முன் கண்ணுக்கு ஒரு சொட்டு, அவ்வளவுதான். எனக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் இது என்ன வேலை செய்கிறது என்று தெரியாமல் தொடங்கினால் பாதியிலேயே நிறுத்திவிடத் தோன்றும்.

அலுவலகத்தில் ஏர்கான் காற்று நேராக முகத்தில் அடிக்க, நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இமைப்பது குறைந்து, கண்ணீர் ஆவியாகி, மிச்சமிருக்கும் நீரில் உப்பு கூடிவிடுகிறது. அந்த உப்பு கருவிழியின் மேல்தோல் உயிரணுக்களைச் சீண்ட, அவை அபாய சமிக்ஞைகளை வெளியிடுகின்றன, உடனே நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி அணுக்கள் (ஒரு வகை வெள்ளை ரத்த அணுக்கள்) அங்கே வந்து சேர்ந்துவிடுகின்றன. எதிர்க்க அங்கே கிருமி எதுவும் இல்லை, அடி வாங்குவது நம் கண்தான். அவை சுரக்கும் சமிக்ஞைப் புரதங்களில் இன்டர்ஃபெரான் காமா, கண்ணீரைக் கண்ணின் மேல் பரவ வைக்கும் சளியைத் தருகிற கோப்பை அணுக்களை அழிக்கிறது, இன்டர்லூகின் 17 கருவிழியின் மேல்தோலைப் பலவீனமாக்குகிறது. அப்புறம் கண்ணீர் இன்னும் சீக்கிரம் கலையும், உப்பு இன்னும் ஏறும். செயற்கைக் கண்ணீர் கண்ணை நனைத்து உப்பைக் கொஞ்சம் நீர்க்க வைக்குமே தவிர, ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்ட டி அணுக்களை அதனால் அடக்க முடியாது.

சைக்ளோஸ்போரின் கைவைப்பது அங்கேதான். டி அணுக்குள் இருக்கும் கால்சினியூரின் என்ற நொதியைத் தடுக்கிறது, அது நின்றால் அந்த அணுக்கள் பெருகத் தேவையான இன்டர்லூகின் 2 உற்பத்தி குறைகிறது. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க உள்ளுக்குக் கொடுப்பதும் இதே மருந்துதான். அதைக் கேட்டதும் என் அத்தை, “ஏம்மா, உடம்புல எதிர்ப்புச் சக்தியே போயிடாதா?” என்று பதறினார். கண்ணில் விடும் அளவில் ரத்தத்தில் கலப்பது மிகமிகக் குறைவு. ஆனால் கண்ணில் கிருமித்தொற்று இருக்கும்போது இதை விடக் கூடாது.

சரி, அனுபவத்துக்கு வருகிறேன். சின்ன பிளாஸ்டிக் குப்பியின் தலையைத் திருகினால் பால்போன்ற வெள்ளைச் சொட்டு வரும். விட்டவுடன் நன்றாக எரிகிறது, பார்வை மங்குகிறது, அதனால்தான் படுக்கும் நேரத்தில் விடச் சொல்கிறார்கள். மூக்கோரத்தை விரலால் அழுத்தியபடி இரண்டு நிமிடம் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். வேறு சொட்டு விடுவதாக இருந்தால் அதை முதலில் விட்டு, 15 நிமிடம் கழித்து இதைக் கடைசியாக விட வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் கழற்றிவிட்டு விட வேண்டும், காலையில் போட்டுக்கொள்ளலாம்.

முதல் சில வாரங்களில் ஒரு மாற்றமும் தெரியவில்லை, எரிச்சல் மட்டும்தான். வந்து சேர்ந்த டி அணுக்கள் ஒரே நாளில் போய்விடாது, பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகலாம் என்று மருத்துவர் முதலிலேயே சொல்லியிருந்தார். அது தெரிந்திருந்ததால்தான் தொடர்ந்தேன். அதுவரை சமாளிக்கச் சிலருக்கு மென்மையான ஸ்டீராய்டு சொட்டு கொஞ்ச காலம் தருவதுண்டு, அது கண் அழுத்தத்தை ஏற்றக்கூடும் என்பதால் சொந்தமாக வாங்கி விடாதீர்கள். பின்னொரு பரிசோதனையில் கண்ணில் சாயம் விட்டு நீல ஒளியில் பார்த்தபோது, முன்பு படத்தில் கருவிழி முழுக்க மின்னிய பச்சைப் புள்ளிகள், அதாவது மேல்தோல் சேதமான இடங்கள், கீழோரத்தில் மட்டும் மிஞ்சியிருந்தன. இப்போது எம்ஆர்டி ரயிலுக்குள் ஏறியதும் கண் கரிப்பதில்லை, அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

விலை சாதாரணச் சொட்டைவிடக் கூடுதல்தான், மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வாய் வறட்சியும் மூட்டு வலியும் சேர்ந்து இருந்தால் ஷோக்ரன் நோயா என்று ரத்தப் பரிசோதனை கேளுங்கள், அதில் கண்ணீர்ச் சுரப்பியையே எதிர்ப்பு மண்டலம் தாக்குகிறது. இமையோர எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்திருந்தால் இந்தச் சொட்டு மட்டும் போதாது, வெந்நீர் ஒத்தடமும் கூடவே வேண்டும்.