ஜிம்னிக்கு முதல் செலவு: டயரா, லிஃப்டா, வின்ச்சா?

மச்சான் மாருதியின் ஜிம்னி ஃபோர் வீல் வண்டியை எடுத்து இன்னும் முதல் சர்வீஸ்கூட விடவில்லை, அதற்குள் லிஃப்ட் கிட் (வண்டியை உயரத் தூக்கும் ஸ்பிரிங் செட்) படங்களாக அனுப்ப ஆரம்பித்துவிட்டான். "மாமா, ரெண்டு இன்ச் தூக்கிட்டா ஜவ்வாது மலையில எங்க வேணா ஏறலாம் இல்ல?" ஏறலாம், ஆனால் கையில் இருக்கும் காசு ஒரு வேலைக்குத்தான் வரும் என்றால் அது லிஃப்டுக்கு இல்லை.

அவன் வீடு காட்பாடியில். வாரத்தில் ஆறு நாள் தார் ரோடு, மாதம் ஒரு தடவை பெங்களூர் ஹைவே. மிச்சமிருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் இந்தக் கூத்தெல்லாம்: பாலாற்று மணல், இல்லையென்றால் ஒடுகத்தூர் பக்கமிருந்து மலை ஊர்களுக்கு ஏறும் கல் பாதை. அதுவும் காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் பாதையை விட்டு இறங்கவே கூடாது, அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

லிஃப்ட்காரர்கள் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. ஜிம்னிக்கு முன்னாலும் பின்னாலும் ரிஜிட் ஆக்ஸில், அதாவது இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே கெட்டித் தண்டு. ஸ்பிரிங்கை உயரமாக மாற்றினால் பாடி ஏறும், பம்பர் ஏறும், மேட்டில் வயிறு தட்டாது, சரி. ஆனால் ஆக்ஸில் நடுவில் குண்டாக இருக்கிறதே டிஃபரன்ஷியல் (விசையைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி), அது இருந்த இடத்திலேயேதான் இருக்கும். கல் பாதையில் முதலில் இடிப்பதே அதுதான், அதை உயர்த்த டயர் ஒன்றால்தான் முடியும். கம்பெனி டயர் 195/80 ஆர்15, விட்டம் 693 மில்லிமீட்டர். 215/75 போட்டால் 703 சொச்சம், ஆக்ஸிலுக்குக் கீழே கிடைப்பது 5 மில்லிமீட்டர், ஒன்றுமில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். 235/75 போட்டால் 20 மில்லிமீட்டர் கிடைக்கும், ஆனால் வீல் ஆர்ச்சில் உரசுமா என்று பார்க்க வேண்டும், மீட்டர் 80 காட்டும்போது கணக்குப்படி வண்டி 85இல் போகும், ஒன்றரை லிட்டர் எஞ்சின் அந்தக் கனத்தைச் சுற்றத் திணறும். அதனால் என் ஓட்டு கம்பெனி அளவிலோ 215இலோ நல்ல ஏடி (ஆல் டெரெய்ன், தாருக்கும் கரடுக்கும் பொதுவான) டயருக்கு. உயரத்துக்காக இல்லை, பிடிப்புக்கும் பக்கச்சுவர் பலத்துக்கும்.

லிஃப்ட் போட்டால் செலவு ஸ்பிரிங்கோடு நிற்பதும் இல்லை. ஆக்ஸிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடின் நீளத்தைச் சரிசெய்யாவிட்டால் ஆக்ஸில் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும், காஸ்டர் கோணம் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) மாறி ஸ்டியரிங் தளதளக்கும். ஹைவேயில் லாரியை முந்தும்போது அது தெரியும்.

பிறகு சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு இருக்கிறது, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்டுப் போகும்போது லிஃப்டைப் பார்த்து அவர்கள் என்ன சொல்வார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். முன் பம்பரில் மாட்டும் இரும்பு புல் பார் பற்றிப் பேசவே வேண்டாம், 2017 டிசம்பரிலேயே கூடாது என்று மத்திய அரசு சொல்லியாகிவிட்டது.

வின்ச்? முன்னால் மாட்டிய மோட்டார் கம்பியைச் சுருட்டி வண்டியை இழுக்கும், பார்க்க கெத்துதான். கட்டி இழுக்க மரம் வேண்டுமே! பாலாற்று நடு மணலில் சீமைக்கருவேலம் புதர்தான் இருக்கிறது, அதில் கட்டினால் புதர்தான் வரும். மூக்கில் கனமும் ஏறும். தனியாக மலைக்குள் போகிறவருக்கு வேண்டுமானால் சரி. தண்ணீரில் இறங்கும்போது எஞ்சினுக்கு மேலிருந்து காற்று எடுக்கும் ஸ்னார்கெல் குழாய், பாலாறு வருடத்தில் முக்கால்வாசி நாள் வறண்டு கிடக்கும் ஊரில் எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இது எல்லாவற்றையும்விட முன்னால் வாங்க வேண்டியது ஒன்று உண்டு, அது மூவாயிரம் நாலாயிரத்தில் முடிந்துவிடும்: காற்று அடிக்கும் கம்ப்ரஸரும் பிரஷர் கேஜும். நான் என் பழைய வண்டியை ஒரு தடவை பாலாற்றில் இறக்கினேன், காற்றைக் குறைக்காமல். பின் சக்கரம் இரண்டும் சுற்றச் சுற்ற மணலைத் தோண்டிக்கொண்டே போய் ஆக்ஸில் மணலில் உட்கார்ந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் வந்துவிடும் என்று நினைத்ததுதான் தப்பு. மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "காத்த எறக்குப்பா மொதல்ல" என்றார். நாலு டயரையும் 18 பிஎஸ்ஐக்கு இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் கையால் மணலை வழித்துவிட்டு மெதுவாக எடுத்தேன், அதே டயர், அதே வண்டி, வெளியே வந்துவிட்டது. காற்று குறைந்தால் டயர் நீளவாக்கில் படர்ந்து மணல்மேல் மிதக்கும், அவ்வளவுதான் வித்தை. ரொம்பவும் இறக்கித் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும், அது வேறு தலைவலி. தார் ஏறியதும் மறுபடி அடித்தாக வேண்டும், கம்ப்ரஸர் அதற்குத்தான்.

அதோடு ஒரு கைனெடிக் ரோப் (சிக்கிய வண்டியை இழுக்கும், நீண்டு கொடுக்கும் கயிறு), அதை மாட்ட இரண்டு ஷாக்கில் வளையம், ஒரு பஞ்சர் கிட். கயிறை சேஸிஸில் இருக்கும் கொக்கியில்தான் மாட்ட வேண்டும், டிரெய்லர் இழுக்கும் குண்டில் மாட்டவே கூடாது, அது பிய்த்துக்கொண்டு பறந்தால் ஆளைக் கொன்றுவிடும். பஞ்சர் கிட் எதற்கு என்று மச்சான் கேட்டான். அந்தச் சீமைக்கருவேல முள்ளை ஒரு தடவை செருப்பில் வாங்கியிருந்தால் கேட்டிருக்க மாட்டான்.

கடைசியில் ஏடி டயருக்கு ஒத்துக்கொண்டான், நாலு போதும் என்று கடைக்காரர் சொன்னாராம். ஐந்து வாங்கச் சொன்னேன். பின் கதவில் தொங்குவது வேறு அளவாக இருந்து, பஞ்சரான இடத்தில் அதை மாட்டிக்கொண்டு ஃபோர் வீலில் ஓட்டினால் முன் பின் ஆக்ஸிலுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் அடி வாங்கும்.