உலோகத்துக்குள் ஹைட்ரஜன்: நியூட்ரான் படமா, ஊடுருவல் கலமா?

உலோகத்துக்குள் நகரும் ஹைட்ரஜனைப் பின்தொடர எது நல்ல வழி என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. எந்த உலோகம், எவ்வளவு ஹைட்ரஜன் என்று தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்த மாதிரிதான்.

எக்ஸ் கதிருக்கு எலக்ட்ரான்கள்தான் இலக்கு. ஹைட்ரஜனிடம் இருப்பது ஒன்றே ஒன்று என்பதால், இரும்புக்குள் அது கண்ணில் படாது. நியூட்ரான் மோதுவது அணுக்கருவோடு. பிணைந்த ஹைட்ரஜனின் சிதறல் குறுக்குப்பரப்பு, அதாவது நியூட்ரானைச் சிதறடிக்க அது காட்டும் இலக்கின் அளவு, சுமார் 82 பார்ன் (அணுக்கரு அளவிலான பரப்பு அலகு), இரும்புக்கு 11.6, சிர்க்கோனியத்துக்கு 6.5 மட்டுமே.

இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சிர்க்கோனியத்தில் எடைக்கணக்கில் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) ஹைட்ரஜன் இருந்தால், ஏறத்தாழ 110 உலோக அணுக்களுக்கு ஒரு ஹைட்ரஜன் அணு. உலோகத்தைக் கடக்கும் நியூட்ரான் கற்றை மங்குவது பத்து சதவீதத்துக்கு மேல் கூடும். படத்தில் தெளிவாகத் தெரியும். எஃகில் 1 பிபிஎம் என்றால் 18,000 இரும்பணுக்களுக்கு ஒன்று. வித்தியாசம் 0.03 சதவீத அளவுதான், இரைச்சலில் கரைந்துவிடும். உயர்வலிமை எஃகை உடைக்க அந்த அளவே போதும் என்பதுதான் கவலை.

அங்கே தேவநாதன், ஸ்டாசுர்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் 1962-இல் தந்த ஊடுருவல் கலத்தையே நம்புவேன். மெல்லிய உலோகத் தகடு, இருபுறமும் மின்பகுளி (மின்சாரம் கடத்தும் கரைசல்). ஒரு பக்கம் ஹைட்ரஜனை ஏற்றுகிறோம். மறுபக்கம் வெளிவருவது ஆக்சிஜனேற்றம் அடைந்து மின்னோட்டமாகப் பதிவாகிறது. அந்த ஓட்டம் எழ எடுக்கும் நேரத்திலிருந்து விரவல் குணகம், அதாவது உலோகத்துக்குள் ஹைட்ரஜன் பரவும் வேகத்தின் அளவு, கிடைக்கும். மிக நுண்ணிய உணர்திறன், எளிய கருவி. ஆனால் தகட்டுக்குள் எங்கே தேங்கியது என்று அதற்குத் தெரியாது. சூடாக்கி வெளியேற்றி அளக்கும் முறையும் அப்படித்தான்: எவ்வளவு, எத்தனை வலுவாகச் சிக்கியிருந்தது என்று சொல்லும், இடத்தைச் சொல்லாது. மாதிரியின் அணுக்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துப் படமாக்கும் அணுவாய்வு டோமோகிராபி இடத்தை அணு அளவிலேயே காட்டும், ஆனால் பார்ப்பது ஓர் ஊசிமுனையை மட்டும்.

எஃகில் நியூட்ரானுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, ஹைட்ரஜன் ஓரிடத்தில் குவியும்போது. பெர்லினின் பெர்-2 ஆய்வு அணு உலையில் படமெடுத்து 2014-இல் வெளியான ஆய்வில், இரும்பின் விரிசல்களுக்குள் ஹைட்ரஜன் மூலக்கூறுகள் நிறைந்திருந்ததும், விரிசலைச் சுற்றி 50 மைக்ரான் அகலத்துக்கு அதன் செறிவு கூடியிருந்ததும் முப்பரிமாணத்தில் தெரிந்தன. பொருளை அறுக்காமல் இதைக் காட்டியது பெரிய விஷயம்.

தொல்லைகளும் உண்டு. உலையிலோ முடுக்கியிலோ கற்றைநேரம் கேட்டுக் காத்திருக்க வேண்டும். கோபால்ட் கலந்த மாதிரி கதிரியக்கமேறித் திரும்பும். ஆனால் ஹைட்ரஜனின் கனமான வடிவமான டியூட்டீரியத்துக்கு 7.6 பார்ன்தான் என்பதால், முதலில் அதை ஏற்றிவிட்டு அப்புறம் சாதாரண ஹைட்ரஜனைச் செலுத்தினால், புதிதாக நுழைவது எது என்று பிரித்தே பார்க்கலாம். ஹைட்ரஜனை நிறைய உறிஞ்சும் உலோகங்களில் இந்தச் சோதனைக்காகவே நியூட்ரானை முதலில் தேர்ந்தெடுப்பேன்.