5 வயதில் கடைவாய்ப் பால்பல் சொத்தை: பிடுங்குவதா, அடைப்பதா, கேப் போடுவதா?

ஐந்து வயதுக் குழந்தையின் கீழ்த்தாடையில், வரிசையின் கடைசியில் இருக்கும் பால்பல்லில் சொத்தை விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வேளையும் சோற்றுப் பருக்கை அந்தக் குழியில் சிக்கிக்கொள்கிறது; குழந்தை தானாகவே மறுபக்கத்தில் மெல்லப் பழகிவிட்டது. இந்த நிலையில் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "பால்பல்தானே, எப்படியும் விழப்போகிறது." முன்பல்லைப் பொறுத்தவரை இந்தப் பேச்சில் ஓரளவு நியாயம் உண்டு, அது 6, 7 வயதில் விழுந்துவிடும். ஆனால் கடைசிக் கடைவாய்ப் பால்பல் 10 முதல் 12 வயது வரை வாயில் இருந்து மெல்ல வேண்டிய பல். எந்தச் சிகிச்சை நல்லது என்பதை, அந்தப் பல் இன்னும் எத்தனை ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்ற கணக்கிலிருந்தே தொடங்க வேண்டும்.

செலவு குறைவு, ஒரே நாளில் வேலை முடியும் என்பதால் பலரும் பிடுங்கிவிடச் சொல்கிறார்கள். இதன் விலை பிறகுதான் தெரியவரும். 6 வயதையொட்டி முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல், இந்தப் பால்பல்லின் பின்பக்கத்தை ஒட்டியே தன் இடத்துக்கு வந்து சேர்கிறது. பால்பல் முன்கூட்டியே போய்விட்டால் அது முன்னால் நகர்ந்து சாய்ந்துவிடும். பிறகு முளைக்க வேண்டிய பல்லுக்கு இடம் போதாமல் வரிசை கோணலாகும். இதைத் தடுக்க இடைவெளியைக் காக்கும் கம்பி பொருத்துவார்கள். எனினும் பக்கத்துப் பல்லில் வளையம் மாட்டி வைக்கும் எளிய கம்பிக்குப் பின்னால் தாங்கிக்கொள்ள ஒரு பல் வேண்டும். 5 வயதில் அந்தப் பல்லே இன்னும் முளைத்திருக்காது. அப்போது ஈறுக்குள் இறங்கும் தகடு கொண்ட வேறு வகைக் கருவிதான் வழி, அதைப் பராமரிப்பதும் கடினம். சீழ் கட்டி, வேர் அரித்து, பல்லைக் காப்பாற்ற வழியே இல்லாதபோது பிடுங்குவது சரியான முடிவுதான். சீழ் உள்ள பல்லை அப்படியே விட்டுவைத்தால் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் மேற்பூச்சும் பாதிக்கப்படலாம்.

பல்லின் மேற்பரப்பில் மட்டும் இருக்கும் சிறிய குழிக்குக் கண்ணாடி அயனோமர் என்ற சிமெண்ட் வகைப் பொருள் கொண்டு அடைப்பதே போதும். அது பல்லோடு நேரடியாக ஒட்டிக்கொள்ளும், சிறிதளவு ஃப்ளோரைடையும் வெளியிடும், ஊசி இல்லாமலேயே பெரும்பாலும் போட்டுவிடலாம். இரண்டு பற்களுக்கு நடுவிலிருந்து சொத்தை தொடங்கியிருந்தால் நிலைமை வேறு: மெல்லும் அழுத்தத்தில் அந்த அடைப்பு உடைந்தோ பெயர்ந்தோ போவது அதிகம்.

நாற்காலியில் உட்காரவே மறுக்கும் குழந்தைக்கு இன்னொரு வழி உண்டு. சில்வர் டையமின் ஃப்ளோரைடு என்ற திரவத்தில் ஒரு துளியை, நுனியில் பஞ்சு போன்ற மிகச் சிறிய குச்சியால் தொட்டு, உலர்த்திய சொத்தையின் மேல் ஒரு நிமிடம் தடவினால் போதும்; ஊசியும் இல்லை, துளைக்கும் இயந்திரமும் இல்லை. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. சொத்தையான இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடுவது இதன் குறை. கடைவாயில் யாருக்கும் தெரியாது, முன்பல்லில் பெற்றோர் தயங்குவதில் வியப்பில்லை. உதட்டில் பட்ட கறை சில நாட்களில் போய்விடும், சட்டையில் பட்டது போகாது. இது சொத்தை பரவுவதை நிறுத்துமே தவிர குழியை நிரப்பாது. பருக்கை சிக்குவது தொடரும். மருந்தைப் பெரும்பாலும் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டியிருக்கும்.

பற்களுக்கு நடுவே சொத்தை, ஆனால் இரவில் வலியோ வீக்கமோ இல்லை என்ற நிலையில் என் தேர்வு, பல்லை முழுவதும் மூடும் உறையான ஸ்டீல் கேப்தான். ஸ்காட்லாந்துப் பல் மருத்துவர் நோர்னா ஹால் பெயரால் அறியப்படும் முறையில், சொத்தையைச் சுரண்டாமல், பல்லைத் தேய்க்காமல், மரத்துப்போகும் ஊசியும் போடாமல், கேப்பைச் சிமெண்ட் வைத்து அப்படியே அழுத்தி மாட்டிவிடுகிறார்கள். உள்ளே அடைபட்ட கிருமிகளுக்குச் சர்க்கரை கிடைக்காததால் சொத்தை அடங்கிவிடுகிறது. முதல் சில நாட்கள் கடிக்கும்போது கேப் சற்று உயரமாகத் தட்டும், குழந்தை குறை சொல்லும்; சில வாரங்களில் கடி தானே சரியாகிவிடும். அந்த வெள்ளிப் பளபளப்பைப் பார்த்து "பள்ளியில் கேலி செய்வார்களே" என்று பின்வாங்கும் பெற்றோர் நிறைய. வெள்ளை நிறத்தில் சிர்கோனியா என்ற பீங்கான் வகைக் கேப் கிடைக்கிறது; அதற்குப் பல்லைக் கூடுதலாகத் தேய்க்க வேண்டும், பணமும் அதிகம். வாயின் கடைசியில் இருக்கும் பல்லுக்கு அது தேவையா என்பது என் சந்தேகம்.

தூக்கத்திலிருந்து அழுதுகொண்டு எழும் அளவுக்கு வலி இருந்தால் அடைப்பது, திரவம் தடவுவது, நேரடியாகக் கேப் மாட்டுவது ஆகிய மூன்று வழிகளும் பொருந்தாது. சொத்தை நரம்பைத் தொட்டிருக்கும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, வேர்ச் சிகிச்சை செய்து, அதன்மேல்தான் கேப் போட வேண்டும். கிராம்பு வைத்து வலியை அமர்த்துவது அந்த ஓர் இரவைக் கடத்த உதவலாம், அவ்வளவுதான்.

கேப் போட்ட பல்லை வழக்கம்போலத் துலக்கலாம். 3 வயதைக் கடந்த குழந்தைக்குப் பட்டாணி அளவு ஃப்ளோரைடு பற்பசை போதும். 11 வயதையொட்டி வேர் கரைந்து பல் ஆடத் தொடங்கும்போது கேப்பைத் தனியாகக் கழற்ற வேண்டியதில்லை. பல்லோடு சேர்ந்தே அதுவும் விழுந்துவிடும்.