செம்பனை மறுநடவு: சாய்த்த மரத்தைக் குவிப்பதா, சீவிப் பரப்புவதா?

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் எங்கள் 5 ஏக்கர் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) 25 வயது தாண்டிவிட்டது. குலை வெட்ட அண்ணாந்தே கழுத்து போனது. சரி, மறுநடவு என்று இறங்கினால், பழைய மரத்தை என்ன செய்வது? கொளுத்த முடியாது, 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் திறந்தவெளி எரிப்புக்குத் தடை இருக்கிறது.

மரத்தைப் பட்டுப்போக வைக்கும் மருந்து குத்தி நிற்கவிட்டு, இடையில் கன்று நடலாம். செலவு குறைவுதான். ஆனால் பட்ட மரம் எப்போது எந்தக் கன்றின் மேல் விழுமோ! அதை விட்டுவிட்டேன்.

மச்சான் பக்கத்து நிலத்தில் மரத்தைப் பெரிய துண்டுகளாக வெட்டி, வரிசைக்கு நடுவே குவித்தார். நான் எக்ஸ்கவேட்டர் வைத்து 10 சென்டிமீட்டர் கனத்துக்குள் சீவிப் பரப்பச் சொன்னேன். கூலி அவரைவிட எனக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. மட்கி மண்ணுக்குப் போவது இரண்டிலும் ஒன்றுதான். பிறகு எதற்கு இந்தச் செலவு?

வண்டுக்காகத்தான். காண்டாமிருக வண்டு முட்டையிடுவது ஊறி அழுகும் செம்பனைக் கட்டையில். புழு வளர்ந்து வண்டாகிப் பறக்கப் பல மாதம் வேண்டும். மெல்லிய சீவல் வெயிலில் காய்ந்து சீக்கிரம் மட்கிவிடும். கனத்த துண்டு இரண்டு வருடம்கூட உள்ளே ஈரமாகக் கிடக்கும். தலைமுறை தலைமுறையாகப் புழு குடியிருக்கும். ஒன்றரை வருடம் கழித்து மச்சானின் குவியலில் ஒரு துண்டைப் பாராங் கத்தியால் பிளந்தேன். கட்டைவிரல் தடிமனில், சுருண்டு படுத்த வெள்ளைப் புழுக்கள் பதினொன்று. அவருடைய இளங்கன்றுகளில் வண்டு குருத்தைத் துளைத்திருந்ததால், விரிந்த ஓலையெல்லாம் கத்தரியால் ‘வி’ வடிவில் நறுக்கியதுபோல் இருந்தது.

சீவினால் மட்டும் போதாது. மேலே முக்குனா என்ற மூடுபயிர்க் கொடியை ஓடவிட்டேன். கொடி மூடிய சீவலை வண்டு எளிதில் கண்டுபிடிக்காது. ஆனால் அந்தக் கொடி பொல்லாதது. இரண்டு வாரம் அசந்தால் கன்றின் கழுத்தில் ஏறிவிடும். கன்றைச் சுற்றி வட்டமாகக் கொடியைச் செதுக்கும் கூலியையும் கணக்கில் சேருங்கள். இன்னொன்று: வேலை எடுத்த குத்தகையாளர் அடிக்கட்டையை விட்டுவிட்டுப் போகப் பார்ப்பார். விடாதீர்கள், தோண்டிச் சீவச் சொல்லுங்கள். செம்பனையின் அடிமரத்தை அழுகவைக்கும் கானோடெர்மா பூஞ்சை தங்குவது அதில்தான்.

நான் செய்தது ஒரே ஒரு மறுநடவு, அதுவும் சமதளக் களிமண்ணில். மேட்டு நிலத்துக்கும் கரி (பீட்) மண்ணுக்கும் என் பேச்சை அப்படியே எடுக்க வேண்டாம்.

என் கன்றுகளிலும் வண்டு அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். இறக்கை இருக்கிறதே, எல்லைக் கல்லா பார்க்கும்? வாசனை மருந்து போட்ட பொறி வாளி ஒன்றை எல்லையோரம் தொங்கவிட்டிருக்கிறேன். காலையில் வாளியைக் கொட்டுவது என் வேலை, வண்டு மச்சானுடையது.