கார்க் நகர நடைச் சுற்றுலா: மக்கர்ட்டின் வீட்டுக் கதையில் பாதி

அயர்லாந்தின் கார்க் நகரில், 1920 மார்ச் 20 அன்று அதிகாலையில் சுட்டுக் கொல்லப்பட்ட மேயர் தொமாஸ் மக்கர்ட்டினின் வரலாற்றைச் சொல்லும் நடைச் சுற்றுலா ஒன்றில் அண்மையில் கலந்துகொண்டேன். இரண்டரை மணி நேரம், தலைக்கு 20 யூரோ. முதல் இரண்டு மணி நேரத்துக்கு அந்தத் தொகை குறைவு என்றே சொல்வேன். என் குறையெல்லாம் கடைசி அரை மணியைப் பற்றியதுதான்.

அக்காலத்தில் கிங் தெருவாக இருந்து இன்று மேயரின் பெயரையே தாங்கி நிற்கும் மக்கர்ட்டின் தெருவில் நடை தொடங்குகிறது. அங்கிருந்து நேராக மேயரின் வீட்டுக்குச் செல்லாமல், வழிகாட்டி எங்களை லீ ஆற்றங்கரையிலுள்ள போப்ஸ் கீ என்னும் இடத்தில் நிறுத்தினார். மேயர் கொல்லப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு, மார்ச் 19 இரவில், ஜோசப் முர்த்தா என்ற காவலரை, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஐரிஷ் குடியரசுப் படையினர் சுட்டுக் கொன்றது இங்கேதான். பழிக்குப் பழி என்னும் சங்கிலியின் முந்தைய கண்ணியை மறைக்காமல் அதிலிருந்தே கதையைத் தொடங்கியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பிளாக்பூல் பகுதியிலுள்ள தாமஸ் டேவிஸ் தெருவில்தான் இந்தச் சுற்றுலாவின் உயிர் இருக்கிறது. நினைவுப் பலகை பதித்த அந்த வீட்டின் எதிரே எங்களை நிற்கவைத்து, குரலை உயர்த்தாமல் வழிகாட்டி சொன்னார்: முகத்தில் கரி பூசிய ஆட்கள் இரவு ஒரு மணியளவில் கதவைத் தட்டினார்கள், திறந்த மனைவி எய்லீஷைத் தள்ளிவிட்டு மாடிக்கு ஏறினார்கள், படுக்கையறையிலிருந்து வெளியே வந்த மக்கர்ட்டினைச் சுட்டார்கள். அன்று அவருக்கு 36ஆவது பிறந்தநாள். மேயர் பதவியேற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வீட்டில் ஐந்து குழந்தைகள் இருந்தார்கள். எய்லீஷின் வயிற்றிலிருந்த இரட்டைக் குழந்தைகள் பின்னர் இறந்தே பிறந்தன. இதைச் சொல்லிவிட்டு அவர் சிறிது நேரம் எதுவும் பேசாமல் நின்றார். எந்த ஒலிப்பதிவுக் கருவியாலும் அப்படி நிற்க முடியாது.

மரண விசாரணையைப் பற்றிய பகுதியும் அவ்வளவு நன்றாக அமைந்திருந்தது. கார்க் நகரத்துச் சாதாரண மனிதர்கள் அடங்கிய ஜூரி, ஏப்ரல் 17 அன்று, இது வேண்டுமென்றே செய்த கொலை என்று தீர்ப்பளித்ததோடு நில்லாமல், பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ், அயர்லாந்தின் ஆளுநராக இருந்த ஜான் ஃபிரெஞ்ச் பிரபு ஆகியோர் தொடங்கி, காவல்துறை மாவட்ட ஆய்வாளர் ஆஸ்வால்ட் ஸ்வான்ஸி வரை பெயர் குறிப்பிட்டுக் குற்றம் சாட்டியது. ஒரு பேரரசின் பிரதமர்மீது உள்ளூர் ஜூரி கொலைக்குற்றம் சுமத்திய அந்தத் துணிவை வழிகாட்டி விரிவாக விளக்கினார்.

அடுத்து மேயரான டெரன்ஸ் மக்ஸ்வீனி, லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் 74 நாள் உண்ணாவிரதம் இருந்து இறந்ததை இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார். 1929இல் லாகூர்ச் சிறையில் 63 நாள் உண்ணாவிரதத்துக்குப் பின் விடுதலைப் போராளி ஜதீன் தாஸ் இறந்தபோது, மக்ஸ்வீனி குடும்பத்தார் இந்தியாவுக்கு இரங்கல் செய்தி அனுப்பினார்கள் என்பதை உடன் வந்தவர்களிடம் நானே சொல்ல வேண்டியதாயிற்று.

வடக்கே பெல்ஃபாஸ்டுக்கு அருகிலுள்ள லிஸ்பர்னுக்கு மாற்றப்பட்ட ஸ்வான்ஸியை, குடியரசுப் படையின் உளவுத் தலைவர் மைக்கேல் காலின்சின் உளவாளிகள் தேடிக் கண்டுபிடித்தார்கள். 1920 ஆகஸ்ட் 22, ஞாயிற்றுக்கிழமை, தேவாலய வழிபாடு முடிந்து வந்தவரைக் கார்க்கிலிருந்து சென்ற ஷான் கல்ஹேனும் பெல்ஃபாஸ்ட் தோழர்களும் சுட்டார்கள். மக்கர்ட்டினுக்குச் சொந்தமான கைத்துப்பாக்கியே அதற்குப் பயன்பட்டதாகச் சொல்லப்படுவதுண்டு. வழிகாட்டி இந்த இடத்தில் குரலை உயர்த்தினார், சிலர் கைதட்டினார்கள், கதை அத்துடன் முடிந்தது.

உண்மையில் கதை அங்கே முடியவில்லை. அந்தக் கொலையைத் தொடர்ந்து லிஸ்பர்னில் கத்தோலிக்கர்களின் வீடுகளும் கடைகளும் நாள்கணக்கில் எரிந்தன. கொலையில் எந்தப் பங்கும் இல்லாத ஏறத்தாழ 1,000 பேர் ஊரைவிட்டு ஓடினார்கள். ஸ்வான்ஸிக்கும் ஒரு தாயும் சகோதரியும் இருந்தார்கள். கார்க்கிலோ, தந்தை கொல்லப்பட்டபோது சிறுவனாக இருந்த மகன் தொமாஸ் ஓக், 1940இல் அதே நகரில் ஐரிஷ் துப்பறியும் காவலர் ஒருவரைச் சுட்டுக் கொன்று மரண தண்டனை பெற்றார். தண்டனை பின்னர் குறைக்கப்பட்டது. முர்த்தாவின் மரணத்திலிருந்து தொடங்கும் அளவுக்கு நேர்மை காட்டிய ஒருவர், இவற்றில் ஒன்றையும் தொடாதது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. முடிவில் லிஸ்பர்னைப் பற்றிக் கேட்டேன். "அது வடக்கத்திக் கதை, நேரம் போதாது" என்றார். 1920 டிசம்பரில் எரிக்கப்பட்டு 1936இல் மீண்டும் திறக்கப்பட்ட நகர மண்டபத்தின் முன் ஒளிப்படம் எடுக்க அப்போது இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள்.

இருந்தும் பிளாக்பூலுக்காகவே போகலாம். ஏற்றம் அதிகம், மழை சொல்லிக்கொண்டு வராது. குழந்தைகளைக் கூட்டிச் செல்ல வேண்டாம். மீதிக் கதை வேண்டுவோர் பெல்ஃபாஸ்டிலிருந்து ரயிலில் லிஸ்பர்ன் சென்று தேவாலயத்துக்குள் பார்க்கலாம். தாயும் சகோதரியும் ஸ்வான்ஸிக்கு வைத்த நினைவுப் பலகை அங்கே இருக்கிறது.