கியூஜிஐஎஸ்: பாலிசி படிச்சிட்டு பிளானிங் பக்கம் வர்றவங்களுக்கு ஒரு ரிவ்யூ

என்விரான்மென்டல் பாலிசில மாஸ்டர்ஸ் சேர்ந்து சட்டமும் ரிப்போர்ட்டுமா படிச்சு ஓட்டிட்டு இருந்தேன், அர்பன் பிளானிங் பேப்பர் எடுத்ததும் மேப் போடாம தப்பிக்க வழியில்லன்னு ஆயிடுச்சு, அப்போ எடுத்ததுதான் கியூஜிஐஎஸ். 2002ல கேரி ஷெர்மன் ஆரம்பிச்ச, மேப் போடற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர், காசே கிடையாது, ஸ்டூடன்ட் லைசன்ஸ் முடிஞ்சதும் சொந்த தீசிஸ் ஃபைலையே திறக்க முடியாம முழிக்கிற கதை இதுல இல்ல.

நகர வெப்பம் பத்தி வேலை பண்றவங்களுக்கு இது வரம். லேண்ட்சாட் சாட்டிலைட் படங்கள் 2008லேர்ந்து இலவசம், ஒரு கட்டம் 10 மீட்டர்னு வர்ற சென்டினல்-2 சாட்டிலைட் படமும் இலவசம்தான், ரெண்டையும் இறக்கி வச்சுக்கிட்டா எங்க மரம் இருக்கு எங்க தரை கொதிக்குதுன்னு ஒரே ஸ்கிரீன்ல பாத்துடலாம். பிளான்ல 'பசுமைப் பரப்பை அதிகரிப்போம்'னு ஒரு வரி எழுதிட்டுப் போயிடுவாங்க, எந்தத் தெருவுலன்னு கேக்க நமக்கு ஒரு பிடி கிடைக்குது. ஆனா லேண்ட்சாட் 8ல வெப்பத்தை அளக்கற தெர்மல் பேண்ட் நிஜத்துல 100 மீட்டர் கட்டம், அதை 30 மீட்டர் கட்டமா மாத்தித்தான் தர்றாங்க, அதை வச்சு இந்த மொட்டைமாடி அந்த மொட்டைமாடிய விட சூடுன்னு பேசினா வைவால மாட்டுவீங்க. அதுவும் தரையோட சூடுதான், காத்தோட சூடு இல்ல. சாஃப்ட்வேர் இதெல்லாம் சொல்லாது, சிவப்பா பூசி அழகா குடுத்துடும்.

பஃபர் டூலும் அதே ரகம். பஸ் ஸ்டாப்பச் சுத்தி 500 மீட்டர் வட்டம் போட்டு இத்தனை பேருக்கு பஸ் வசதி இருக்குன்னு எழுதிடறாங்க, ஐநாவோட நிலையான வளர்ச்சி இலக்குகள்ல (எஸ்டிஜி) பொதுப் போக்குவரத்து வசதிய அளக்கற 11.2.1 குறியீடு கேக்கறதோ நடந்து போற தூரம், நடுவுல ஒரு ரயில் பாதை வந்தா வட்டத்துக்குள்ள இருக்கறவங்களே எங்கயோ சுத்திட்டு வரணும். சர்வீஸ் ஏரியான்னு ஒரு டூல் உள்ளயே இருக்கு, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ங்கற இலவச மேப்போட ரோடு டேட்டா குடுத்தா நடக்கற தூரத்தையே கணக்கு போடும், ஏன்தான் யாரும் தொடறதில்லையோ. மேப் லேயர மீட்டர்ல அளக்கற யுடிஎம் முறைக்கு மாத்திட்டு பண்ணுங்க, இல்லன்னா தூரத்த டிகிரில எடுத்துக்கும்.

குறைன்னா, பெரிய ராஸ்டர் (சாட்டிலைட் படம் மாதிரி கட்டம் கட்டமா இருக்கற ஃபைல்) போட்டா அப்படியே உறைஞ்சு நிக்கும், பிரின்ட் லேயவுட்ல லெஜண்ட (மேப்போட குறி விளக்கத்த) நேரா நிறுத்தறதுக்குள்ள உயிர் போயிடும். 2018ல வந்த 3.0 வெர்ஷனுக்கு முந்தைய டுடோரியல் வீடியோவெல்லாம் பாக்காதீங்க, பாதி மெனு இடம் மாறிடுச்சு, பழைய பிளகின் (கூடுதலா சேர்க்கற குட்டி புரோகிராம்) ஓடாது.

என் கணக்குல அஞ்சுக்கு நாலு. டவுன்லோட் பண்றப்போ எல்டிஆர், அதாவது ரொம்ப நாளைக்கு சப்போர்ட் வர்ற வெர்ஷன் எடுங்க, புதுசு எடுத்து சப்மிஷன் வாரத்துல பிளகினோட மல்லுக்கட்டாதீங்க.